படுக்கையருகே பேசும் நாவு

மிஷன் மருத்துவமனைகளில் காலை ஷிப்ட் பெரும்பாலும் ஜெபத்தோடுதான் தொடங்கும். நாவைப் பற்றிய பைபிள் வசனங்கள் அங்கே நர்சுகள் பலருக்கு மனப்பாடம். அவற்றுக்கு வேலை வருவது ஜெபம் முடிந்து வார்டுக்குள் நுழைந்த பிறகு.

குழந்தைக்கு ஊசி போடும்போது, 'வலிக்கவே வலிக்காது கண்ணு' என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஊசி ஏறியதும் பொய் தெரிந்துவிடும். அடுத்த வேளை சிஸ்டரைக் கண்டாலே குழந்தை கையை இழுத்துக்கொள்ளும். இரண்டு பேர் பிடித்தாலும் நரம்பு கிடைக்காது. 'எறும்பு கடிக்கிற மாதிரி சுருக்குன்னு இருக்கும். அழணும்னா அழுதுக்கோ, கையை மட்டும் ஆட்டாதே' என்று ஊசிக்குச் சற்று முன் சொன்னால் போதும். அரை மணி முன்னதாகச் சொன்னால் அந்த அரை மணியும் பயம்தான். உள்ளதை உள்ளதென்று சொல்லச் சொல்லும் மத்தேயு 5:37 இதற்கும் சேர்த்துத்தான்.

பெரியவர்களிடம் இதே பொய் பக்தியின் சாயலில் வரும். ஆபரேஷனுக்குப் போகிறவரிடம், 'விசுவாசமா இருங்க, ஒண்ணும் ஆகாது' என்கிறோம். ஏதாவது ஆகிவிட்டால் தன் விசுவாசம்தான் குறைவு என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். நோயோடு இந்தச் சுமையையும் ஏற்றுவது கொடுமை. கண் விழிக்கும்போது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருக்கலாம், தொண்டை கரகரக்கலாம், வீட்டார் எங்கே காத்திருப்பார்கள் என்பதையெல்லாம் சொல்லுங்கள். பிறகு, 'ஜெபம் பண்ணட்டுமாங்க?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் கோணாமல் விட்டுவிட வேண்டும். சரி என்றால் ஒரு நிமிடம், தாழ்ந்த குரலில். அடுத்த படுக்கைக்குக் கேட்கும்படி நோயின் பெயரை ஜெபத்தில் சொல்வது ரகசியத்தை உடைப்பதுதான்.

போனில் டாக்டர் 'ஃபிஃப்டீன்' என்பது 'ஃபிஃப்டி' என்று காதில் விழலாம். இன்சுலினில் அது உயிருக்கே ஆபத்து. எழுதி, திரும்பப் படித்து, 'ஒன் ஃபைவ், பதினைந்து யூனிட்தானே டாக்டர்?' என்று கேட்க வேண்டும். அவர் எரிச்சல்பட்டாலும் கேட்க வேண்டும். 'கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும்' என்று யாக்கோபு 1:19 சொல்வதை இங்கே அப்படியே செய்யலாம்.

ஜூனியர் தவறும்போதுதான் நாவு அதிகம் சறுக்குகிறது. நோயாளி முன்னால் திட்டினால் நோயாளிக்கு அந்தப் பெண்மேல் நம்பிக்கை போகும். அதைவிட மோசம், அடுத்த தவறை அவள் மறைப்பாள். மறைத்த தவறு நோயாளியின் உடம்பில் போய் முடியும். மருந்து ஏறும் தருணமென்றால், 'நிறுத்தும்மா, லேபிளை ஒரு தடவை பார்த்துக்கலாம்' என்று அங்கேயே சொல்லியாக வேண்டும். மீதியைத் தனியறையில் பேசலாம். மத்தேயு 18:15 காட்டும் வழியும் அதுதான்.

ஷிப்ட் மாறும்போது, 'ஆறாம் பெட் ஒரே தொல்லை' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டவர், ஆறாம் பெட்டில் மணி அடித்தால் மெதுவாகத்தான் எழுந்திருப்பார். 'நாலு மணியிலிருந்து வயித்துவலி, மாத்திரை கொடுத்தும் குறையல, டாக்டருக்குச் சொல்லியாச்சு, இன்னும் வந்து பார்க்கல' என்று சொன்னால் உடனே போய்ப் பார்ப்பார்.