லோடிங் காயிலின் இரு முனைகளிலும் மின்னோட்டம்: அளந்து பார்த்த அனுபவம்

ஹாம் (பொழுதுபோக்கு) வானொலியின் 40 மீட்டர் பட்டையில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் அருகே, கால் அலைநீள ஆண்டெனா பத்து மீட்டருக்கு மேல் உயரம் கேட்கும். என் ஜீப்பின் பின்பக்கம் நிற்கும் கம்பியோ 2.4 மீட்டர்தான். அதைப் பட்டைக்கு இசைக்க அடியில் சுமார் 20 மைக்ரோஹென்றி தூண்டல் கொண்ட கம்பிச்சுருள், அதாவது லோடிங் காயில், தேவைப்படுகிறது. அந்தக் காயிலுக்குள் நுழையும் மின்னோட்டம் முழுவதும் மேல்முனையில் வெளிவருகிறதா என்பது ஹாம் வானொலியாளர்களிடையே நெடுநாளாக நடக்கும் வாதம். இல்லாத எட்டு மீட்டர் கம்பிக்குப் பதிலாகக் காயில் நிற்பதால், அந்தக் கம்பியில் குறைந்திருக்கக்கூடிய அளவு மின்னோட்டம் காயிலிலும் குறையும் என்பது ஒரு சாராரின் கூற்று. ஒரு முழு அலைநீளத்தை 360 பாகையாகக் கொண்டால் கால் அலைநீளம் 90 பாகை; 7.1 மெகாஹெர்ட்ஸில் 2.4 மீட்டர் என்பது ஏறத்தாழ 20 பாகை. மீதி 70 பாகையும் காயிலில் அடங்குமானால், மேல்முனையில் மூன்றில் ஒரு பங்கு மின்னோட்டமே எஞ்ச வேண்டும்.

இதைச் சோதிக்க, தூண்டல் அளவு ஒன்றாகவும் உருவம் வேறாகவும் உள்ள மூன்று காயில்களைச் சுற்றினேன். முதலாவது, சிவப்பு இரும்புத்தூள் வளையத்தில் 41 சுற்று. இரண்டாவது, 63 மி.மீ. பிவிசி குழாயில் 10 செ.மீ. நீளத்துக்கு 26 சுற்று. மூன்றாவது, 25 மி.மீ. குழாயில் 30 செ.மீ. நீளத்துக்கு நூறு சுற்றுக்குச் சற்று மேல்.

அளவியாக, கம்பியைச் சூழ்ந்த ஃபெரைட் வளையம், ஜெர்மானியம் டயோடு, சிறிய மைக்ரோ அம்மீட்டர் ஆகியவற்றைக் காயிலின் ஒவ்வொரு முனையிலும் அங்கேயே கட்டினேன். மீட்டரிலிருந்து நீண்ட ஒயரைக் கீழே இழுத்தால் அந்த ஒயரே ஆண்டெனாவின் பகுதியாகிவிடும். ஆள் அருகில் நின்றாலும் முள் நகரும். ஆகவே தள்ளி நின்று கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். இரு மீட்டர்களையும் இடம் மாற்றி மறுபடி அளந்ததால் அவற்றுக்கிடையிலான வேறுபாடு கழிந்தது.

நாங்குநேரிக்குத் தெற்கே, காற்றாலைக் கம்பிகள் நெருங்காத வெட்டவெளியில், காற்று எழுவதற்கு முந்தைய விடியற்காலையில் அளந்தேன். ஆனி, ஆடிக் காற்றில் கம்பி வளைந்தாடினால் இசைவே மாறிவிடும். அதே வட்டாரத்து விஜயநாராயணத்தில் உள்ள கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் வானொலி நிலையமும் குட்டை ஆண்டெனாவை இசைக்கும் இதே சிக்கலைப் பேருருவில் கையாள்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு ஏற்படுகிறது. 18.2 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல்; அங்குள்ள 471 மீட்டர் கோபுரம் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. என் கம்பி தன் அலைநீளத்தில் பதினேழில் ஒரு பங்கு என்பதால், ஒப்பளவில் அந்தக் கோபுரமே குட்டையானது.

வளையக் காயிலில் இரு முனைகளுக்கும் இடையே வேறுபாடு பிடிபடவில்லை. தடித்த குழாய்க் காயிலில் மேல்முனை சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. நீண்ட ஒல்லிக் காயிலில் குறைவு கால் பங்கை எட்டியது. எதிலும் மூன்றில் ஒரு பங்குவரை இறங்கவில்லை. தூண்டல் ஒன்றாக இருந்தும் விடை மூன்றாகப் பிரிந்ததால், ‘இல்லாத நீளம்’ என்ற விளக்கம் நிற்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டியின் உடலுக்கும் தரைக்கும் இடையே சிறு கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டம் தேக்கும் திறன்) இருக்கிறது. நுழைந்த மின்னோட்டத்தில் ஒரு பகுதி அதன் வழியே பிரிந்து போகிறது. காயிலின் உடல் நீள நீள அந்தப் பங்கு கூடுகிறது. காயிலுக்கு மேலே உள்ள கம்பியின் கெபாசிட்டன்ஸ் பெரிதாக இருந்தால் அதே பங்கு குறைகிறது.

பிந்தையதைக் கம்பியின் உச்சியில் நான்கு ஆரக்கம்பிகள் கட்டிச் சோதித்தேன். மீண்டும் இசைக்க நீண்ட காயிலில் பல சுற்றுகளைக் கழிக்க வேண்டியிருந்தது; முனைகளுக்கிடையிலான வேறுபாடும் ஏறக்குறையப் பாதியானது. உச்சிக் கம்பிகளால் 2.4 மீட்டர் முழுவதும் மின்னோட்டம் சீராகப் பரவும் நிலை நெருங்குகிறது. முற்றிலும் சீரானால், மின்னோட்டம் உச்சியை நோக்கிச் சுழியாகக் குறையும் நிலையைவிட, கதிர்வீச்சு மின்தடை (மின்னோட்டம் எவ்வளவு திறனை அலையாக வெளியேற்றுகிறது என்பதன் அளவு) நான்கு மடங்காகும் என்பதால், அடுத்து ஆரக்கம்பிகளை நீட்டி அளக்கப் போகிறேன்.