யாழும் மிடறும்

அறுபத்து மூவர் வரிசையில் யாழோடு நிற்பவரைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். அவர்தான் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பெரும்பாலான கோயில்களில் தனியாகத்தான் நிற்பார். அவரோடு ஊர் ஊராக நடந்து, அவர் மீட்ட மீட்டப் பாடிய மனைவி மதங்கசூளாமணியார் அந்த வரிசையில் இல்லை. இருவரையும் சேர்த்து நினைத்துக்கொண்டு அவர்கள் போன ஊர்களுக்குப் போய்வர வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. வீட்டுக்காரரும் சரி என்றார்.

முதலில் ராஜேந்திரப்பட்டினம். விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் வழியில் இருக்கிறது. தேவாரத்தில் திருஎருக்கத்தம்புலியூர். தல விருட்சம் வெள்ளெருக்கு. இது பாணர் பிறந்த ஊர். சம்பந்தர் பதிகங்களை யாழில் வாசித்தபடி பாணர் அவரோடு ஊர் ஊராகப் போனவர். இந்தப் பக்கம் யாத்திரை வந்த சம்பந்தரிடம், “இது அடியேன் ஊர்” என்று பாணர் சொல்ல, நீர் பிறப்பதற்கு இவ்வூர் எத்தனை தவம் செய்ததோ என்று அந்தப் பிள்ளை மகிழ்ந்து போனதாகப் பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். பின்னால் ராஜராஜன் காலத்தில் தேவார ஏடுகள் கிடைத்தபோது, அவற்றுக்குப் பண், அதாவது ராகம், வகுத்துத் தந்தது பாணர் மரபில் வந்த, இந்த ஊரிலிருந்த ஒரு பெண் என்கிறது திருமுறை கண்ட புராணம். அந்த வீட்டுப் பெண்களுக்குப் பாட்டு எங்கிருந்து வந்திருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மதுரையும் திருவாரூரும் முன்பே தரிசித்தவை என்பதால் இந்தத் தடவை விட்டுவிட்டோம். ஆனால் அந்தக் கதைகளை விட முடியுமா? பாணர் குலத்தார் அன்று கோயில் வாசலில் நின்றுதான் பாட வேண்டும். மதுரையில் சொக்கநாதர் அடியார்களின் கனவில் வந்து, அவரை உள்ளே அழைத்துவரச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. தரையின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளர்ந்துவிடும், பலகை போடுங்கள் என்று வானிலிருந்து குரல் வந்தது. நரம்புக் கருவி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கவலை புரியும். சுவாமிக்கும் புரிந்திருக்கிறது! திருவாரூரில் இவருக்காக வடக்கே தனி வாயிலே வகுத்துக் கொடுத்தார்.

திருமருகல் பக்கத்தில் இருக்கும் சீயாத்தமங்கைதான் பழைய சாத்தமங்கை. அங்கே திருநீலநக்கர் வீட்டில் சம்பந்தர் தங்கிய இரவில், பாணருக்கும் விறலியாருக்கும், அதாவது அவர் மனைவிக்கும், இடம் தரச் சொன்னார். நீலநக்கர் வேள்வி செய்யும் அந்தணர். வீட்டு நடுவே இருந்த வேதியின், அதாவது வேள்விக் குண்டத்தின், அருகில் இடம் கொடுத்தார். வேதித் தீ வலமாகச் சுழித்து முன்னைவிட ஓங்கி எரிந்தது. தம்பதியர் யாழைத் தொழுதுவிட்டு அங்கேயே படுத்தார்கள். அயவந்தீசுவரர் சந்நிதியில் நிற்கும்போது எனக்கு அந்த வீடுதான் மனதில் ஓடியது.

அப்புறம் காரைக்காலை அடுத்த திருத்தருமபுரம். இது பாணருடைய தாயார் பிறந்த ஊர். சுவாமி பெயர் யாழ்மூரிநாதர். சம்பந்தர் பதிகங்களுக்குப் புகழ் வந்ததே எங்கள் பாணர் யாழில் வாசிப்பதால்தான் என்று இங்கிருந்த உறவினர்கள் பெருமை பேசினார்கள். சொந்தக்காரர்கள் எந்தக் காலத்திலும் சொந்தக்காரர்கள்தான். பாணர் துடித்துப்போய், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரையே வேண்டிக்கொண்டார். ‘மாதர் மடப்பிடியும்’ பிறந்தது அப்படித்தான். யாழில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சுரம். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே குழைந்து போகிற பாட்டை அது எப்படிப் பிடிக்கும்? பாணர் யாழையே உடைக்க ஓங்கினார். “ஐயர் நீர்” என்று மரியாதையாக அழைத்து சம்பந்தர் தடுத்தார். அடங்கிய அளவுக்கு வாசியும் என்றார்.

அந்தப் பதிகம் ‘கண்டத்தும் கலத்தினிலும்’ அடங்காதது என்று எழுதுகிறார் சேக்கிழார். கலம் என்றால் யாழ், அது கணவருடையது. கண்டம், அதாவது மிடறு, பாடுகிற தொண்டை, யாருடையது? எல்லோரும் யாழ் தோற்ற கதையாகவே இதைச் சொல்கிறார்கள். அன்று அந்த அம்மையின் குரலும்தானே திகைத்து நின்றிருக்கும்! கணவருக்காவது ஓங்கி உடைக்க ஒரு யாழ் இருந்தது. வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதனால்தான் அந்தம்மா சும்மா இருந்து அவரைத் தேற்றியிருப்பாங்க” என்றார். இருக்கலாம். இப்போது ஓதுவார்கள் அந்தப் பதிகத்தை அடாணாவில் பாடுகிறார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பாட்டை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சீர்கள் நீண்டு நீண்டு போய் மூச்சு வாங்கியது.

கடைசியாக, சீர்காழியிலிருந்து கொள்ளிடம் வழியாக ஆச்சாள்புரம். அன்றைய நல்லூர்ப் பெருமணம். சம்பந்தர் திருமணத்துக்கு வந்த எல்லோரும் அவரோடு சோதியில் கலந்த இடம். அம்பாள் திருவெண்ணீற்று உமையம்மை. அங்கே திருநீறுதான் பிரசாதம். நீலநக்கர், முருக நாயனார், பெரும்பாணர் என்கிற நம் யாழ்ப்பாணர் எல்லோரும் ‘பன்னிகளோடு உடன் புக்கார்’ என்கிறது பெரிய புராணம். பன்னி என்றால் மனைவி. சாத்தமங்கையில் போலவே இங்கேயும், அந்த இருவரைச் சேக்கிழார் பிரிக்கவே இல்லை.

வைகாசி மூலம் இவர்களுடைய குருபூஜை. நாள்காட்டியில் சம்பந்தர், நீலநக்கர், முருகர், யாழ்ப்பாணர் என்று போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டு நாள்காட்டியில் மதங்கசூளாமணியார் பெயரையும் பேனாவால் எழுதியிருக்கிறேன்.