ரசம் டேஸ்ட் பாக்குற மாதிரி ஒரு வேலை

3 லட்சம் கிலோமீட்டர் ஓடுன பிக்கப்பை கொண்டு வந்து நிறுத்தி கியர் ஆயில் மாத்திக் குடுன்னு யாராவது கேட்டா, இன்னைக்கும் என் கை முதல்ல போறது ஸ்பானருக்கு இல்ல, டிஷ்யூ பேப்பருக்குத்தான். ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளை டிஷ்யூல ரெண்டு சொட்டு விட்டு மோந்து பாத்துட்டுதான் மறுபேச்சு. கூட வேலை பாக்குற பசங்க "அண்ணே, ரசத்துல உப்பு சரியா இருக்கா?"ன்னு கேட்டு சிரிப்பானுங்க. சிரிக்கட்டும், அந்த மோப்பத்துக்கு நான் குடுத்த விலை எனக்குத்தான் தெரியும்.

நான் நாமக்கல் லாரி பட்டறைல தொழில் பழகுனவன். அங்க கியர் ஆயில்னா 90 நம்பர் ஆயில், திக்கா தேன் மாதிரி இருக்கும், ஊத்தி மூடிட்டா அவ்ளோதான். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு வந்தப்புறம்தான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையே கண்ணால பாத்தேன், ஆயில் ரூஹ் அஃப்ஸா கலர்ல செவப்பா தண்ணியாட்டம் இருந்துச்சு, இது எப்படிடா கியரைத் தாங்கும்னு ஆச்சரியம். அப்புறம்தான் புரிஞ்சது, இதுல ஆயில் வெறும் மசகு இல்ல, பிரஷர் குடுத்து கிளட்ச்சை அழுத்திப் பிடிக்கிறதும் அதுதான், டார்க் கன்வெர்ட்டருக்குள்ள இஞ்சின் பலத்தைக் கடத்துறதும் அதுதான், சூட்டை வெளிய கொண்டு போறதும் அதுதான்.

சேந்து ஆறு மாசம் கூட ஆகல, ஒரு பதான் டிரைவர் பழைய பிக்கப் ஒண்ணு கொண்டாந்தாரு. மூணாவது கியர் விழும்போது ஆர்பிஎம் ஏறுது, வண்டி ஏறல. "ஆயில் மாத்துனா சரியாயிரும்ல பாய்?"னு கேட்டாரு, நானும் ஆகும்னு தலையாட்டிட்டேன். ஆயில் கடுங்காப்பி கலர், தீஞ்ச நாத்தம் வேற. அது என்ன சொல்லுதுன்னு அப்ப எனக்கு காது கேக்கல. ஆயில் கூலருக்குப் போற குழாய்ல ஆயில் மாத்துற மெஷினை மாட்டி பழசு முழுக்க வெளிய தள்ளி புதுசு ஏத்தி அனுப்பிட்டேன். மூணாம் நாள் வண்டி ரெக்கவரி லாரி மேல ஏறி வந்துச்சு, முன்னாடியும் போகல, பின்னாடியும் போகல. அவர் கராஜ் நடுவுல நின்னு கத்துன கத்தை விடுங்க, பாக்ஸ் செலவுல ஒரு பங்கு நாலு மாசம் என் சம்பளத்துல பிடிச்சாங்க.

பாக்ஸைப் பிரிச்சப்போ ஃபோர்மேன் சேட்டன் என்னைக் கூப்பிட்டு காட்டுனாரு. கிளட்ச் பிளேட்ல லைனிங்கே இல்ல, வெறும் இரும்பு. அந்த லைனிங் எல்லாம் தூளாகி ஆயில்லதான் மெதந்துகிட்டு இருந்திருக்கு. அந்தத் தூள் கலந்த பழைய ஆயில் போனதாலதான் பிடிப்பு போச்சுன்னு கராஜ்ல பாதி பேர் சொல்வாங்க, புது ஆயில்ல இருக்குற டிடர்ஜென்ட் ஒட்டிக் கெடந்த கசடைக் கெளப்பி ஆயிலைப் பிரிச்சு அனுப்புற வால்வ் பாடியை அடைச்சிருச்சுன்னு மீதி பேர். ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம், ஆனா என் கணக்குல அது நான் தொடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போன பாக்ஸ். கடைசி கை என்னோடதா போச்சு, பழியும் என் மேல.

ஆனா இதைக் கேட்டுட்டு "பழசைத் தொடவே கூடாது"ன்னு கெளம்புறாங்க பாருங்க, அதுவும் தப்பு.

ரெண்டு வருஷம் கழிச்சு 2004 மாடல் ஜிஎம்சி சியரா ஒண்ணு வந்துச்சு, 3,40,000 கிலோமீட்டர். வச்சிருந்தவர் படகு இழுக்குற ஒரு பெரியவர், ஹாஜின்னுதான் கூப்புடுவோம். இந்த வண்டிகளோட மேனுவல்லயே போட்டிருப்பான், ட்ரெய்லர் இழுத்தாலோ 32 டிகிரிக்கு மேல டிராஃபிக்ல ஓடுனாலோ 50,000 மைல், அதாவது 80,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் மாத்தணும்னு. 32 டிகிரின்னா இங்க ஏசி போட்ட மாதிரி! ஹாஜி ஒரு தடவை கூட மாத்துனதில்ல. ஆனா கியர் ஒவ்வொண்ணும் சுத்தமா விழுது, ஆயில் ப்ரௌனா இருக்கே தவிர தீஞ்ச வாசம் இல்ல. கூலன்ட் கலந்திருந்தா ரோஸ்மில்க் மாதிரி ஆயிருக்கும், அதுவும் இல்ல. செய்யலாம்னு மனசு சொல்லுச்சு, ஆனா மெஷின் வேணாம்.

அந்த பாக்ஸ்ல மொத்தம் 11 லிட்டர் போல இருக்கும், அடியில இருக்குற ஆயில் தட்டை, அதான் பேனை, கழட்டுனா வர்றது 5 லிட்டருக்குள்ளதான், மிச்சம் கன்வெர்ட்டர்லயும் கூலர்லயும் தங்கிரும். அப்ப ஒரு தடவை மாத்துனா பாதிக்கு மேல பழசுதான் இருக்கும், ரெண்டாவது தடவைக்கு 30 சதவீதம், மூணாவதுக்கு 16, 17. ஹாஜிக்கு இதை என் அரைகுறை அரபியில சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு சுலைமானி டீ காலி. கடைசியில அவரே "ஷுவை ஷுவை"ன்னாரு. மெல்ல மெல்ல, அவ்ளோதான் விஷயம்.

அதுல ட்ரெய்ன் போல்ட் கிடையாது, 16 போல்ட்டையும் கழட்டி பேனை ஒரு பக்கமா சாச்சுதான் ஊத்தணும், எப்படி சாச்சாலும் முழங்கை வரைக்கும் செவப்பு அபிஷேகம். பேன் உள்ள ஒரு காந்தம் இருக்கும், அதைப் பாக்குற நிமிஷம்தான் எனக்கு வயித்தைக் கலக்கும். தண்ணியில கொழைச்ச விபூதி மாதிரி சாம்பல் பசை இருந்தா தேய்மானம்தான், பயமில்ல. ஊசி ஊசியா இரும்போ பித்தளை மினுக்கோ கெடந்தா மூடி மாட்டிட்டு ஓனரைக் கூப்பிட்டுப் பேசணும். ஹாஜி வண்டியில விபூதிதான்! அப்பாடான்னு இருந்துச்சு.

ஃபில்டரை இழுத்தா அதோட சீல் மேலயே மாட்டிக்கிச்சு, பழசு இருக்குறது தெரியாம புது சீலை அடிக்கிற ஆளுங்க உண்டு, நான் ஒரு தடவை அப்படி அடிச்சு ஃபில்டரை வளைச்சிருக்கேன். கேஸ்கெட்டுக்கு சிலிகான் தடவக் கூடாது, பிஞ்சு உள்ள விழுந்தா ஃபில்டரை அடைக்கும். போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீட்டர் போதும், நம்ம பட்டறை பழக்கத்துல உசுரக் குடுத்து முறுக்குனா அலுமினியம் மரை போயிரும். டெக்ஸ்ரான் 6ங்கிற ரக ஆயில் ஊத்துனேன், 2005ல வந்தது, பழைய டெக்ஸ்ரான் 3 கேட்ட பாக்ஸுக்கும் ஒத்துக்கும். அப்புறம் வண்டிய ஓட்டி சூடாக்கி, சமதரையில இஞ்சின் ஓடும்போதே பார்க்ல வச்சு லெவல் பாக்கணும். கூடுனா நுரைக்கும், கொறஞ்சா பம்ப் காத்தை உறிஞ்சும், ரெண்டுலயும் பிரஷர் போச்சு.

ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்கன்னு அனுப்புனேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, சம்பளத்துல அடுத்த நாலு மாசமும் கண்ணு முன்னாடி வந்து போச்சு. மூணு வாரம் கழிச்சு ஹாஜி அவரே ஓட்டிட்டு வந்தாரு, ரெண்டாவது தவணை. மூணாவது தவணைல டிஷ்யூல செவப்பு தெரிஞ்சுச்சு, அவரும் வாங்கி மோந்து பாத்துட்டு எதுவும் சொல்லாம பைக்குள்ள வச்சுக்கிட்டாரு.

இப்ப கியர் பிடிக்காம ஸ்லிப் ஆகுற வண்டி வந்தா ஜாப் கார்டுலயே "கிளட்ச் தேய்மானம் சந்தேகம், ஆயில் மாத்துனா சரியாகாது"ன்னு எழுதி கையெழுத்து வாங்குறேன். இதனால கஸ்டமர் போறாங்கன்னு முதலாளிக்கு கோவம். போன மாசம் ஒருத்தர் கையெழுத்துப் போட மாட்டேன்னு எதிர் கராஜுக்குப் போயி அரை மணி நேரத்துல மெஷின்ல மாத்திக்கிட்டாரு. அந்த வண்டி இன்னும் ஓடுது. நேத்து கூட பெட்ரோல் பங்க்ல இருந்து கெளம்பிப் போச்சு, மூணாவது கியர் விழறப்போ சத்தம் ஏறுதான்னு நின்னு காது குடுத்துக் கேட்டேன். ரோட்டு இரைச்சல்ல ஒண்ணும் பிடிபடல.