காயம்பட்ட பிறகுதான் நஞ்சு

குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர், வேலியோரம் மரச்சீனி. வெளியூர்க்காரர்களுக்கு அது மரவள்ளி. இரண்டின் இலைகளிலும், உடைந்தால் சயனைடு தரும் லினமாரின் என்ற ஒரே பொருள் இருக்கிறது என்பது, உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

சயனைடை அப்படியே சேமித்தால் செடியே செத்துவிடும். ஆகவே லினமாரினை செல்லுக்குள் ஒரு பையிலும், அதை உடைக்கும் நொதியை செல்சுவரிலுமாகப் பிரித்து வைத்திருக்கிறது. புழு கடித்தால் இரண்டும் கலக்கும், ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சுவாயு கிளம்பும்.

இதைப் படித்திருந்தும் முதல் இரண்டு மாதம் கோட்டைவிட்டேன். ஊரே கசப்பு என்று ஒதுக்கும் ரகத்தில் லினமாரின் அநேகமாக இல்லை என்று என் குறிப்பேடு சொன்னது. இலையைக் கல்வத்தில் போட்டு நிதானமாக அரைப்பேன், நடுவில் தேநீருக்கும் போய்வருவேன். ஒருநாள் பின்னால் நின்று பார்த்த வழிகாட்டி, "புழுவின் வேலையை நீங்களே செய்துவிட்டுச் செடியிடம் கணக்குக் கேட்கிறீர்களே" என்றார். நான் அரைத்தபோதே லினமாரின் உடைந்து, சயனைடு காற்றில் போயிருந்தது. நொதியைத் தடுக்கக் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் அரைக்க வேண்டும். அதன் பிறகுதான் குப்பிக்குள் வைத்த, சயனைடு பட்டால் நிறம் மாறும் மஞ்சள் பிக்ரேட் தாள் மறுநாள் காலையில் செங்கல் நிறத்துக்கு வந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். நிறம்தான் மங்கிவிட்டது.

பாட்டிக்கு இதெல்லாம் பெரிய செய்தியல்ல. 1942இல் பர்மா அரிசி நின்றபோது இந்தக் கிழங்கை நம்பி அடுப்பு எரிந்த வீடு அவருடையது. சிறு துண்டாக நறுக்குவார், மூடாமல் வேகவைப்பார், தண்ணீரை வடித்துக் கொட்டுவார். பெரிய துண்டாகக் கொதிநீரில் போட்டால் நொதி முதலில் அழிந்து லினமாரின் உடையாமல் தங்கிவிடும், நறுக்கினால் அது தண்ணீரில் இறங்கிவிடும் என்று விளக்கினேன். "தண்ணீரை வடிக்கவா மக்களே இத்தனை வருடம் படித்தாய்?" என்றார். மீன்கறியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

விடைதெரியாத கேள்வியைக் கேட்டது பாட்டி அல்ல, பக்கத்துத் தோட்டத்து அண்ணன். லினமாரின் குறைந்த இனிப்பு ரகத்தைப் பெருச்சாளி தோண்டித் தின்றிருந்தது.

"எலி தொடாத, ஆனால் நம் பிள்ளைகள் தின்னக்கூடிய கிழங்கு ஏதாவது உண்டா தம்பி?"

எனக்குச் சம்பளம் கிடைப்பதே அந்தக் கேள்விக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பாதி கடித்த கிழங்கை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டேன்.