சிவப்புக்கு அடியில் கிடக்கும் கோடுகள்

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸின் 'சிவப்பு ஸ்டுடியோ' (1911) ஓவியத்தில் மேசை, நாற்காலி, நிலைக்கடிகாரம் எல்லாம் மெல்லிய மஞ்சள் கோட்டில் வரைந்தவை போலத் தெரியும். அங்கே யாரும் கோடே போடவில்லை. சிவப்பைப் பூசும்போது பூசாமல் விட்ட சந்துதான் கோடு.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் படம் ஏறக்குறைய 181க்கு 219 செ.மீ. முதலில் தரை இளஞ்சிவப்பு, சுவர் நீலம், மரச்சாமான்கள் காவி மஞ்சள். பிறகுதான் சுவர், தரை, மேசை என்று பார்க்காமல் வெனிஸ் சிவப்பு என்ற செம்மண் நிறத்தை ஏற்றினார். படங்கள், சிற்பங்கள், தட்டு, செடி மாதிரிச் சில தப்பின. கடிகாரத்தை நெருங்கிப் பாருங்கள். முள் கிடையாது. கோட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது. இரண்டு பக்கமிருந்தும் தூரிகை வந்து நின்ற விளிம்பு அது. இடப்பக்கம் சுவர்கள் சேரும் மூலைக்கோட்டையும் காணோம். அதனால் சுவர் எங்கே திரும்புகிறது என்றே பிடிபடாது. இதை வாங்க ரஷ்யச் சேகரிப்பாளர் ஷூகின் மறுத்துவிட்டார். (மறுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.)

உணர்ச்சி வெளிப்பாடு முகபாவத்தில் இல்லை, படத்தின் மொத்த அமைப்பில் இருக்கிறது என்று 1908-லேயே மத்தீஸ் எழுதியிருந்தார். அலங்காரம் என்று அவர் சொன்னதும் அந்த அமைப்பைத்தான். மேலே ஒட்டும் ஜிகினாவை அல்ல. 1906-இல் பாரிஸ் கடையொன்றில் அவர் வாங்கிய காங்கோ மரச்சிற்பத்தைத்தான் அவர் ஆப்பிரிக்கக் கலை மாதிரியானவற்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லும் 'பழங்குடிப் பாணி'க்குச் சான்றாக எல்லோரும் இழுப்பார்கள். அவருடைய 1907-இன் 'நீல நிர்வாணம்' ஓவியத்துக்கு அது பொருந்தும். இந்தப் படத்துக்கு, 1910-இல் மியூனிக் கண்காட்சியில் பார்த்த இஸ்லாமியக் கலையே நெருக்கம் என்பேன். அதைப் 'பழங்குடி' என்ற மூட்டையில் கட்டுவது அபத்தம்.

எண்ணெய் வண்ணத்தில் இந்தச் சந்துக்கோட்டைச் செய்து பார்க்க, அடிவண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகப் பூசி நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் சிவப்பு வைத்தால் மஞ்சள் கலங்கிவிடும். மேல்பூச்சில் எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பின்னாளில் பூச்சில் வெடிப்பு விழும். வெனிஸ் சிவப்பு இரும்பு ஆக்சைடு, அடியை நன்றாக மூடும். அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு மூடாது; சுவர் திட்டுத்திட்டாக நிற்கும். சிறிய கேன்வாஸில் 2, 3 மி.மீ. சந்து போதும், தட்டைத் தூரிகையில் கையாலேயே விடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டினால் கோடு ஸ்கேல் வைத்ததுபோல் விறைத்துவிடும். பலர் சிவப்பு காய்ந்தபின் மேலே மஞ்சள் கோடு இழுத்துச் சமாளிக்கிறார்கள். அப்போது கோடு சிவப்புக்கு முன்னால் கம்பியாகத் துருத்தி நிற்கும், அறை பின்னால் போய்விடும்.