பொம்மை குப்புற மிதந்த 9 வினாடி

நேற்று ராத்திரி 2 மணிக்கு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. 9 வினாடி. பொம்மை குப்புற மிதக்கிறது, கண் திறந்திருக்கிறது, மேலே விடியற்கால வெளிச்சம் அலைகிறது. குளத்தின் அடியில் மல்லாந்து கிடந்துகொண்டு பிணத்தைப் பார்ப்பதுபோலவே இருக்கிறது. இந்த 9 வினாடிக்கு இரண்டரை மாதம், இரண்டு முகம்பார்க்கும் கண்ணாடி, 24 கேன் தண்ணீர் ஆகியிருக்கிறது. வீட்டில் எனக்கு இருந்த மரியாதையும் கொஞ்சம் போயிருக்கிறது.

எந்தக் காட்சி என்று புரிந்திருக்கும். 1950ல் வந்த 'சன்செட் பொலிவார்டு' என்ற ஹாலிவுட் படம். அதன் தொடக்கத்தில், நார்மா டெஸ்மண்ட் என்ற பழைய ஊமைப்பட நாயகியின் மாளிகைக் குளத்தில் ஒரு பிணம் குப்புற மிதக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் காட்சிகளைப் பொம்மை அளவில் செய்து படம்பிடிக்கிற பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்தக் குளத்தில் வந்து விழுந்துதான் ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் அக்வேரியத்துக்கு அடியில் கேமராவை வைத்து, கண்ணாடி வழியாக மேலே பார்த்து எடுத்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். நான் அன்று படக்குழு செய்த மாதிரியே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

இயக்குநர் பில்லி வைல்டருக்கு, மீன் பார்ப்பதுபோல் அடியிலிருந்து பிணம் தெரிய வேண்டும், கரையில் நிற்கும் போலீஸ்காரர்களும் தெரிய வேண்டும். வழி கண்டுபிடித்தவர் கலை இயக்குநர் ஜான் மீஹன். தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு பெரிய முகம்பார்க்கும் கண்ணாடியைப் போட்டு, கேமராவை நீருக்கு வெளியே மேலே வைத்து, அந்தக் கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் படம்பிடித்தார்கள். நாம் பார்ப்பது பிணமாக நடித்த வில்லியம் ஹோல்டனை இல்லை, அவருடைய பிம்பத்தை. கேமரா நனையவே இல்லை.

இதில் எவ்வளவு மூளை இருக்கிறது என்பது, மற்ற வழியிலும் எடுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீர் புகாத உறையில் போனைப் போட்டுத் தொட்டியின் அடியில் அண்ணாந்து வைத்தேன். நீருக்குள்ளிருந்து பார்த்தால் வெளியுலகம் மொத்தமும் சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு வெளியே நீர்மட்டமே கண்ணாடிபோல் தொட்டியின் அடியைத் திருப்பிக் காட்டுகிறது. கரையில் நிறுத்திய பொம்மைகள் அந்த வட்டத்தின் ஓரத்தில் அப்பளம்போல் நசுங்கித் தெரிந்தன. மீஹன் வழியில் அந்தத் தொல்லை இல்லை. வெளிச்சம் நீருக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறதோ, அடிக் கண்ணாடியில் பட்டு வெளியேறும்போது அவ்வளவும் நிமிர்ந்துவிடுகிறது. ஆள் ஆளாகவே தெரிகிறான், லேசான நீரலை மட்டும் மேலே ஓடுகிறது.

சரி, செய்த கதைக்கு வருகிறேன். முதலில் 20 செமீ ஆழமுள்ள பிளாஸ்டிக் டப்பில் முயன்றேன். படத்தில் பாதி இடத்தைப் பொம்மையின் முதுகே அடைத்துக்கொண்டது. பொம்மை 30 செமீ நீளம், அதாவது ஆறில் ஒரு பங்கு அளவு. அதன் பிம்பம் அதைவிட்டு விலகித் தெரிய வேண்டுமென்றால் ஆழம் வேண்டும், கேமராவும் நன்றாகச் சாய்ந்து பார்க்க வேண்டும். சென்னையில் மீன்தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய் 90 செமீ நீளம், 45 அகலம், 45 உயரத்தில் ஒரு தொட்டி வாங்கினேன். 38 செமீ வரை நிரப்பினால் 154 லிட்டர், ஒரு தடவைக்கு 8 கேன். எங்கள் போர்வெல் தண்ணீரை நம்பி ஒரு முறை நிரப்பிவிட்டு, மறுநாள் கண்ணாடிமேல் படிந்திருந்த வெள்ளை உப்பைத் தேய்க்க ஒரு மணி நேரம் ஆனது. அதிலிருந்து கேன்தான்.

கொளத்தூரைப் பற்றி ஒன்று. சனி, ஞாயிறு போகாதீர்கள், மீன் வாங்க வரும் குடும்பங்களுக்கு நடுவே தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. 'மீன் வேண்டாம், தொட்டி மட்டும் போதும், அடியில் முகம்பார்க்கும் கண்ணாடி போடப் போகிறேன்' என்று உண்மையைச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இப்போது முதல் கண்ணாடி செத்த கதை. 60க்கு 40 செமீ, 5 மிமீ தடிமன். சாதாரணக் கண்ணாடியின் உயிர் அதன் முதுகில் இருக்கிறது. மெல்லிய வெள்ளிப் பூச்சு, அதன்மேல் பெயின்ட். வெட்டிய ஓரங்களில் வெள்ளி திறந்து கிடக்கும், அதன் வழியாகத் தண்ணீர் நுழைந்துவிடும். இது தெரிந்ததால் நாலு ஓரத்தையும் சிலிக்கான் போட்டு அடைத்தேன். தொட்டி ஒட்டுவதற்கு வைத்திருந்த அதே சிலிக்கான்தான். மீனுக்கே ஒன்றும் ஆகாது, கண்ணாடிக்கு என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. மூன்றாம் நாள் ஓரங்களில் கறுப்புப் பொட்டுகள். ஒரு வாரத்தில் அது இரண்டு விரல் அகலத்துக்குத் தேமல்போல் உள்ளே பரவிவிட்டது. தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சிலிக்கானை அப்பினேன்!

காரணம் அந்த வினிகர் வாடை. அக்வேரிய சிலிக்கான் இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. அந்த அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கிறது. நோயைத் தடுக்கப் போட்ட மருந்துதான் நோய். முகம்பார்க்கும் கண்ணாடி ஒட்டுவதற்கென்றே நியூட்ரல் க்யூர் என்று போட்ட சிலிக்கான் இருக்கிறது, அதில் வாடை வராது. நான் கேட்ட மூன்று ஹார்டுவேர் கடையில் இரண்டில் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்றார்கள். ஒண்ணு இல்லை. டியூபில் படித்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது கண்ணாடிக்கு அதைப் போட்டு, முதுகு முழுவதும் எனாமல் பெயின்ட் இரண்டு கை அடித்து, ஐந்து நாள் காயவிட்டேன். ஒரு மாதமாக நீருக்குள் இருக்கிறது, ஒரு பொட்டு இல்லை.

தொலைநோக்கி செய்கிற நண்பர் ஒருவர், முன்பக்கம் பூச்சு போட்ட கண்ணாடிதான் வேண்டும், இல்லாவிட்டால் இரட்டைப் பிம்பம் விழும் என்று அடித்துச் சொன்னார். காற்றில் அவர் சொல்வது சரி. நீருக்குள் அப்படி இல்லை. கண்ணாடிக்கும் நீருக்கும் ஒளிவிலகல் எண்ணில் வித்தியாசம் குறைவு, அதனால் முன்பக்கம் திருப்பியனுப்பும் வெளிச்சம் காற்றில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான். அந்த ஆவிப் பிம்பத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

ஆனால் நீர்மட்டம் பழிவாங்கியது. விடியற்கால வானத்துக்காகத் தொட்டிக்குப் பின்னால் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியைக் கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு எல்இடி விளக்கு வைத்திருந்தேன். அடிக் கண்ணாடியும் நீர்மட்டமும் ஒன்றுக்கொன்று இணை. எனவே கண்ணாடி காட்டும் அதே வேட்டியை நீர்மட்டமும் காட்டும். பொம்மையின் முகத்தின்மேல் மெல்லிசாகப் பால் ஊற்றியதுபோல் ஒரு படலம். லென்ஸில் பிரதிபலிப்பை வடிகட்டும் போலரைசர் ஃபில்டரைப் போட்டு, கேமராவைச் செங்குத்திலிருந்து 50 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சாய்த்து, ஃபில்டரை மெதுவாகத் திருப்பினேன். படலம் சட்டென்று மறைந்தது. 53 டிகிரி வாக்கில் இது மிக நன்றாக வேலை செய்யும் என்று பள்ளியில் படித்ததை 20 வருடம் கழித்து என் கண்ணால் பார்த்தேன்.

ஃபோகஸைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆட்டோ ஃபோகஸ் ஒவ்வொரு முறையும் கண்ணாடிமேல் கிடக்கும் தூசியைத்தான் பிடித்தது. பிம்பம் இருப்பது கண்ணாடியில் இல்லை, கண்ணாடிக்கும் கீழே. பொம்மை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையை எழுத்து கீழே பார்க்கும்படி மிதக்கவிட்டேன். மணமகன் பெயர் இடம் வலம் மாறிப் பளிச்சென்று தெரியும்வரை கையால் திருப்பி, அங்கேயே டேப் ஒட்டிவிட்டேன்.

குமிழியும் படுத்தியது. குளிர்ந்த கேன் தண்ணீர் அறைச் சூட்டுக்கு வரும்போது, அதில் கரைந்திருந்த காற்று கண்ணாடிமேல் கடுகு கடுகாக வந்து உட்காரும். ஒரு ராத்திரி அப்படியே விட்டு, நீளக் கம்பில் கட்டிய பெயின்ட் பிரஷ்ஷால் தடவிவிட்டால் போகும். கோட்டுக்குள் மாட்டிய காற்றுக்கு, பொம்மையைத் தனி வாளியில் முக்கிப் பிழிந்துவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும். குப்புறவே மிதக்க நெஞ்சில் தூண்டில் ஈயக்குண்டு நாலு, முதுகில் தெர்மாகோல். முதல் நாள் ஈயம் கூடிப்போய் ஆள் நேராக அடிக்குப் போய்விட்டான்.

அலை சின்னத் தொட்டியின் அலைபோல் துறுதுறுவென்று தெரியக் கூடாது என்பதற்காக வினாடிக்கு 60 ஃபிரேமில் எடுத்து 24ல் ஓட்டுகிறேன். ஆறில் ஒரு பங்கு அளவென்றால் ஆறின் வர்க்கமூலம் மடங்கு மெதுவாக ஓட்ட வேண்டும்; அது 2.45, அதை 24ஆல் பெருக்கினால் 59, கணக்கு சரியாக வருகிறது. கணக்கில் வராதது மின்விசிறி. அதை நிறுத்தினால்தான் நீர் அடங்கும். மே மாதம், சென்னை, விளக்குச் சூடு வேறு. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு ஷாட்டில் என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை பொம்மையின் காதருகே விழுந்தது. அந்த ஷாட்டை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இந்தக் காட்சி படத்தின் வாசலுக்கு வந்ததே ஒரு தோல்வியால்தான். முதலில் பிணவறையில் பிணங்கள் ஒன்றோடொன்று பேசுவதாகத் தொடக்கம் எடுத்திருந்தார்கள். இலினாயில் எவன்ஸ்டன் ஊரில் முன்னோட்டம் போட்டபோது ஜனங்கள் சிரித்துவிட்டார்கள், வெட்டினார்கள். அந்த மாளிகையும் படத்தின் பெயரில் வரும் சன்செட் சாலையில் இல்லை, வில்ஷயர் சாலையில் இருந்தது. அங்கே குளமே கிடையாது, படத்துக்காகத் தோண்டினார்கள். 1957ல் வீட்டையே இடித்துவிட்டார்கள். ஆக, அளவெடுக்க இடம் இல்லை. என் குளத்தின் ஓரக்கற்கள் எல்லாம் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குத்துமதிப்பாகச் செய்தவை.

பாக்கி வேலை நிறைய இருக்கிறது. கரையில் போலீஸ்காரர்களும் போட்டோகிராபர்களும் வேண்டும். இரண்டு போலீஸ் பொம்மைதான் வந்திருக்கிறது, ஒன்றுக்குக் கை ஒடிந்து வந்தது, திருப்பியனுப்பினால் மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். இதை முடிக்காமலே மனம் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. நார்மா டெஸ்மண்ட் தன் பழைய ஊமைப் படத்தைப் போட்டுப் பார்க்கும் காட்சி. எல்லோரும் கடைசி மாடிப்படிக் காட்சியைச் சொல்வார்கள், எனக்கு இதுதான் பெரிது. திரையில் ஓடுவது 'குவீன் கெல்லி', அதில் நடித்தது இங்கே நார்மாவாக வரும் இதே குளோரியா ஸ்வான்சன். புரொஜெக்டரை ஓட்டும் வேலைக்காரராக வருபவர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம், அந்தப் பழைய படத்தை இயக்கியவரே அவர்தான். தன் படத்தை, தன் நாயகிக்கு, சம்பளக்காரனாக நின்று ஓட்டிக்காட்டுகிறார். நார்மா எழுந்து அந்த ஒளிக்கற்றைக்குள் நிற்கும்போது புகை நெளிய வேண்டும். ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஊதுபத்திப் புகை பெரிதாகத் தெரிகிறது, சாம்பிராணி இன்னும் மோசம். முகப் பவுடரைச் சல்லடையில் தட்டிப் பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். 'நடு ஹால்ல பொணத்த மிதக்கவிட்டுட்டு எப்படிடா வெளக்கு ஏத்தறது' என்று அம்மா ஒரு மாதமாகக் கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொசு வராமல் இருக்கத் தொட்டியின்மேல் வலை போட்டு மூடியிருக்கிறேன். கை ஒடிந்த போலீஸ்காரரை ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிக் காயவைத்திருக்கிறேன், ஒட்டிக்கொண்டால் வியாழக்கிழமை ராத்திரி கரையில் நிறுத்தி இன்னொரு முறை எடுத்துவிடலாம்.