இயக்குநர் குழுவில் எத்தனை பெண்கள் என்பது மட்டும் கேள்வியல்ல

தலைமைப் பொறுப்பில் பெண்கள் கூடினால் லாபமும் கூடும் என்ற வாதத்தை நான் பல ஆண்டுகள் தயக்கமின்றிச் சொல்லி வந்திருக்கிறேன். மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் 2015 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள் அதற்குத் துணையாக இருந்தன. உயர்நிர்வாகத்தில் பெண்கள் மிக அதிகமுள்ள கால்பங்கு நிறுவனங்களுக்கு, மிகக் குறைவாக உள்ள கால்பங்கு நிறுவனங்களைவிட, நல்ல லாபம் ஈட்டும் வாய்ப்பு 39 சதவீதம் அதிகம் என்று 2023 அறிக்கை கூறியது. ஆனால் பெண்கள் வந்ததால் லாபம் கூடியதா, ஏற்கெனவே செழிப்பாகவும் ஒழுங்காகவும் நடக்கும் நிறுவனங்கள் பெண்களுக்கு எளிதில் இடம் தருகின்றனவா என்பதை அந்த எண் சொல்வதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க நார்வே ஒரு வாய்ப்பைத் தந்தது. பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் இரு பாலினத்தவரும் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்று 2003இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டபோது, பெண் இயக்குநர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தனர். 2008க்குள் அந்த இலக்கு எட்டப்பட்டது. இதனால் நிறுவனங்களின் மதிப்பு சரிந்தது என்று 2012இல் வந்த ஆய்வு ஒன்று சொன்னது. அதே தரவுகளை மீண்டும் அலசிய வேறு ஆய்வாளர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2019இல் வெளியான மற்றொரு ஆய்வு. சட்டத்துக்குப் பிறகு நியமிக்கப்பட்ட பெண்கள் முன்பிருந்த பெண் இயக்குநர்களைவிடக் கூடுதல் தகுதி பெற்றிருந்தனர். ஆகவே திறமைப் பஞ்சம் என்ற பழைய சாக்கு அடிபட்டுப் போனது. எனினும் அதே நிறுவனங்களில் கீழ்நிலையில் பணிபுரிந்த பெண்களின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை.

எனக்கு இது வியப்பளிக்கவில்லை. பெரும்பாலான இயக்குநர்கள் அன்றாட நிர்வாகத்தை நடத்துவதில்லை, மேற்பார்வையிடுகிறார்கள். நிறுவனத்தின் போட்டித்திறனோ தொழிற்சாலையையும் விற்பனையையும் லாப நட்டக் கணக்கையும் கையில் வைத்திருப்பவர்களைச் சார்ந்தது. நாளைய தலைமை நிர்வாகியும் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார். மேல்மட்டத்தை எட்டும் பெண்களோ பெரும்பாலும் மனிதவளம், சட்டம், மக்கள் தொடர்பு ஆகிய துறைகளுக்குத்தான் தலைமை ஏற்கிறார்கள். இந்தப் பிரிவினை முப்பது வயதையொட்டித் தொடங்கிவிடுகிறது. புதிய கிளையொன்றைத் தொடங்கி நடத்தும் பொறுப்புக்கு ஒரு பெண்ணின் பெயர் வரும்போது, "அவருக்குக் குழந்தை சிறியது, இந்த அலைச்சல் வேண்டாம்" என்று அவரைக் கேட்காமலே முடிவெடுக்கிறார்கள்; அதைக் கரிசனம் என்றும் நம்புகிறார்கள். (அதே வயதில் குழந்தையுள்ள ஆணைப் பற்றி அப்படி முடிவெடுக்கும் கூட்டங்களில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.) பத்து ஆண்டுகள் கழித்துத் தலைமைக்கு ஆள் தேடும்போது, லாப நட்டப் பொறுப்பில் அனுபவமுள்ள பெண்கள் கிடைக்கவில்லை என்று அதே நிறுவனம் வருந்துகிறது. பாதித் திறமையை முன்கூட்டியே விலக்கிவிட்டு மீதிக்குள் சிறந்தவரைத் தேடுவது என்ன வணிகக் கணக்கோ தெரியவில்லை.

அதனால் இப்போதெல்லாம் ஓர் ஆண்டறிக்கை கைக்கு வந்தால், இயக்குநர் குழுவின் படமுள்ள பக்கத்தைக் கடந்து, எந்தப் பிரிவை யார் நடத்துகிறார்கள் என்ற பட்டியலுக்குத்தான் முதலில் போகிறேன்.